மாதா கழுத்துக் காசு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், பல் டாக்டர் அரங்கநாதனின் கிளினிக் இருந்தது. பல் பிடுங்குவதிலும் பல் கட்டுவதிலும் அவருக்கு நல்ல பெயர். ஆனால் அவருடைய மனசு கிடந்தது பழைய காசுகளில். தன்னால் வாங்க முடியாத காசைப் பார்த்தால், பல்லுக்கு அச்சு எடுக்கிற அதே சாந்தில் அதற்கும் ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொள்வார். பாண்டிச்சேரியில் காசு சேர்க்கும் வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் டாக்டரின் பையில் இரண்டு மூன்று வெள்ளை வில்லைகள் இருக்கும். மேஜை இழுப்பறையைத் திறந்தால் நோயாளிகளின் தாடை அச்சுகளுக்கு நடுவே ராஜாக்களின் முகங்கள் கிடக்கும்.

எண்பத்து நாலாம் வருஷம், ஆடி மாதம், சவரிராயன் தன் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட தங்க மூடி ஆடுகிறது என்று வந்தார். கிளியனூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் கொன்றைப்பாக்கத்தில் அவருக்கு நிலமும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் மிஷினும் உண்டு. ஊர்க் கோயில் காரியம் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. மூடியைச் சரிசெய்து முடித்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார்.

"டாக்டருக்குக் காசுன்னா உசுருன்னு சொன்னாங்க. இதைக் கொஞ்சம் பாருங்க."

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய தங்கக் காசு. மெல்லியது. மேலே கோத்து மாட்ட ஒரு வளையம் பற்றவைத்திருந்தது. ஒரு பக்கத்தில், நின்றுகொண்டிருக்கும் ஒரு துறவி, மண்டியிட்டவனிடம் கொடியைக் கொடுக்கிறார். மறுபக்கத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே இயேசு நிற்கிறார்.

"எங்க கொள்ளுத் தாத்தா பாண்டிச்சேரித் துறைமுகத்துல கிடங்கு பாத்துக்கினு இருந்தவரு. கப்பல்காரங்க கிட்ட வாங்கினாராம். ஊர்ல காலரா வந்து போன வருஷம் மாதாவுக்குப் போட்டுட்டாரு. அன்னையிலேருந்து மாதா கழுத்துலதான் கிடக்குது. திருவிழாவுக்குச் சங்கிலியைக் கழட்டித் தொடைப்பாங்க. அப்ப சாமியார் கிட்ட கேட்டு வாங்கியாந்தேன். இந்த வருஷம் கோயிலைப் பத்திச் சின்னதா ஒரு புக்கு போடறாங்க. இது எந்த ஊருக் காசு, எந்த ராஜா போட்டதுன்னு நாலு வரி வேணும்."

டாக்டருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அது எந்த ஊர்க் காசு என்று பார்த்ததுமே தெரிந்தது. இத்தாலிப் பக்கத்து வெனிஸ் நகரம் அடித்த பொற்காசு. கப்பல் வியாபாரத்தோடு நம் கடற்கரைக்கு வந்து இறங்கியது. வக்கீலிடம் ஒன்று இருந்தது. இழுப்பறையைக் கிளறி அதன் அச்சைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. யாரும் கவனிக்காததைத் தான் கவனித்துவிட்ட சிரிப்பு.

"இங்க பாருங்க. அசல்ல ஓரம் பூரா லத்தீன் எழுத்து இருக்கு. படிச்சா அர்த்தம் வரும். உங்க காசுல எழுத்தே இல்ல. குச்சி குச்சியா நிக்குது. எழுத்துத் தெரியாத ஒருத்தன் எழுத்தைப் பாத்து வரைஞ்சிருக்கான். இந்தத் துறவி கண்ணைப் பாருங்க, நம்ம ஊரு அய்யனாரு மாதிரி முழிச்சிக்கினு இருக்காரு. இது வெனிஸ் காசு இல்லைங்க. போலி."

சவரிராயன் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை முன்பிருந்தபடியே மடித்தார்.

"அப்ப எங்க கொள்ளுத் தாத்தா போட்ட காசு எங்க போச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் வீங்கிய கன்னத்தோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலமே வக்கீலுக்குப் போன் போட்டு, எழுத்துகள் குச்சியாகிப்போன அழகைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஆகஸ்டு பிறந்ததும் ஒரு நாள் காலையில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"பல்லுல ஒண்ணும் இல்லைங்க. நான் கொன்றைப்பாக்கம். பேரு சூசை மேரி. எங்க வூட்டுக்காரருதான் அங்க உபதேசியாரு. மணி அடிக்கறது, ஜெபம் சொல்லிக் குடுக்கறது எல்லாம் அவுருதான். தேவசகாயம்னு பேரு. கோயில் சாவி அவுரு கிட்டதான் இருந்திச்சி."

"சரி."

"இப்ப இல்ல. வாங்கிட்டாங்க."

டாக்டருக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. கையுறையைக் கழற்றினார்.

சூசை மேரி அழவில்லை. அவசரப்படவும் இல்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை வரிசையாகச் சொன்னாள். மாதா கழுத்தில் இருப்பது போலி என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்ற செய்தி, சவரிராயன் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே ஊரெல்லாம் பரவிவிட்டது. அசல் எங்கே என்று பேச்சு வந்தது. வருஷா வருஷம் சங்கிலியைக் கழற்றித் துடைப்பது யார், சாவி வைத்திருப்பது யார் என்று அடுத்த பேச்சு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் வந்து கோயிலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும், தேவசகாயம் அவருக்கு வீட்டில் காப்பி கொடுத்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அதற்கடுத்த வருஷம்தான் தேவசகாயம் வீட்டுக்கு ஓடு மாற்றினார். விழுப்புரத்தில் இருக்கும் மகள் அனுப்பிய உதவி அது. ஆனால் ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

"யாரும் மூஞ்சிக்கு நேரா கேக்கலைங்க. கேட்டா பதில் சொல்லலாம். சாமியாரு கூட, திருவிழா முடியட்டும், சாவி என்கிட்ட இருக்கட்டும்னுதான் சொன்னாரு. இவுரு குடுத்துட்டு வந்து உக்காந்தவருதான். சரியா சாப்பிடறதில்ல. காலையில எழுந்து மணி அடிக்கப் போறாப்பல வாசல் வரைக்கும் போறாரு, திரும்பி வந்துடறாரு."

"அம்மா, உங்க வீட்டுக்காரரு எடுத்தாருன்னு நான் சொல்லவே இல்லியே."

"நீங்க சொல்லலைங்க. நீங்க போலின்னு சொன்னீங்க. மீதிய ஊரு சொல்லிக்கிச்சி."

டாக்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் சொன்னது உண்மைம்மா" என்றார்.

"இருக்கட்டுங்க. நீங்க படிச்சவரு, உண்மையாத்தான் இருக்கும். எங்க வூட்டுக்காரரும் உண்மையானவருதான். ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்னு நீங்கதான் வந்து பாத்துச் சொல்லணும்."

அவள் போன பிறகு அன்று முழுக்க டாக்டருக்கு வேலை ஓடவில்லை. அந்தக் காசைத் தான் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று யோசித்தார். எழுத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், போலி என்றார். அவ்வளவுதான். அது எப்போது செய்யப்பட்ட போலி, எதனால் செய்யப்பட்டது, எத்தனை காலம் எங்கே தொங்கியது என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்குத் தெரிந்த கேள்விக்கு விடை கிடைத்ததும் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொன்றைப்பாக்கம் போனார். பையில் தங்கம் நிறுக்கும் சின்னத் தராசு, உரைகல், பூதக்கண்ணாடி, பல் இடுக்கைச் சுரண்டும் மெல்லிய கொக்கிகள். பூசை முடிந்து ஜனங்கள் கலைந்திருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. இளவயதுக்காரர். டாக்டர் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"எனக்கும் தூக்கம் இல்ல டாக்டர். சாவியை வாங்கினா ஊர் அமைதியாகும்னு நெனைச்சேன். வாங்கினதே தீர்ப்பு மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

காசு பீரோவில் இருந்தது. ஜன்னல் பக்கமாக மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் டாக்டர். இந்த முறை எழுத்துகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

முதலில் நிறுத்தார். வளையத்துக்குத் தோராயமாகக் கழித்துப் பார்த்தால், அசல் காசின் எடைக்கு ஒரு மயிரிழை குறைவு. உரைகல்லில் ஓரத்தைத் தேய்த்தார். நல்ல தங்கம். மூடி செய்து செய்து அவருக்கு வார்ப்பு வேலை அத்துப்படி. வார்த்த பொருளில் ஊசி முனை போலக் குழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு இருக்கும். இதில் இரண்டும் இல்லை. யாரோ பொறுமையாக இரும்பில் அச்சு வெட்டி, தங்கத் தகட்டை வைத்து, சுத்தியால் அடித்திருக்கிறான். இயேசு இருந்த பக்கம் பளிச்சென்று இருந்தது. துறவி இருந்த பக்கம், முகம் தெரிந்தாலும், வழவழவென்று தேய்ந்திருந்தது. ஏதோ ஒன்றின் மேல் பல காலம் உரசிக்கொண்டே இருந்த தேய்மானம்.

பிறகு வளையத்துக்கு வந்தார். வளையமும் காசும் சேரும் இடுக்கில் கறுப்பாக ஏதோ அடைந்திருந்தது. அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தார். கொக்கியின் நுனியால் ஓரத்தைத் தொட்டபோது அது அழுக்கைப் போலப் பொடியவில்லை. ஓடு போல இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினார். மேலே மெல்லிசாக வெளிர் நீலம், அடியில் கனமாகக் கருநீலம்.

"சாமி, மாதாவுக்கு இப்ப என்ன கலர்?"

"வெளிர் நீலம். நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அடிச்சது."

இருவரும் கோயிலுக்குள் போனார்கள். பீடத்தின் மேல் ஆள் உயரத்தில் பாதி இருந்தது மரச் சுரூபம். வெளிர் நீல அங்கி, வெள்ளை முக்காடு. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, ஏணியில் ஏறினார். அங்கியின் கீழ் மடிப்பில் ஓரிடத்தில் வண்ணம் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தின் விளிம்பில், வெளிர் நீலத்துக்கு அடியில், கருநீலம் தெரிந்தது.

ஏணியில் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். வளையத்தை மட்டும் பழைய காசிலிருந்து எடுத்துப் புதிதில் பற்றவைத்திருந்தால்? அப்படியானால் நெருப்பில் வண்ணம் கருகியிருக்கும். இங்கே கருநீலம் வளையத்திலிருந்து இறங்கி, காசின் மேல் வழிந்து, அப்படியே உறைந்திருந்தது. இடையில் விரிசல் இல்லை. மாதாவுக்குக் கருநீலம் அடித்தபோது இந்த வளையமும் இந்தக் காசும் ஒன்றாகத்தான் அவள் மார்பில் கிடந்திருக்கின்றன.

"மாதா கருநீலமா இருந்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

சாமியார் சற்றுத் தயங்கினார். "சவரிராயன் அய்யாவுக்குத்தான் தெரியும். அவங்க குடும்பந்தான் எல்லாம் செஞ்சது."

சவரிராயனுக்கு ஆள் போயிற்று. அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். டாக்டரைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். ஏணியைப் பார்த்ததும் முகம் மாறியது.

டாக்டர் காசைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேட்டார். "மாதா அங்கி முன்னாடி வேற கலர்ல இருந்துச்சாங்க?"

"இருந்துச்சி. கருநீலம். நான் சின்னப் பையனா புதுநன்மை வாங்கினப்ப அப்படித்தான் இருந்தாங்க. பயமா இருக்கும், ராத்திரி மாதிரி. ஜெர்மன் சண்டை முடிஞ்ச வருஷம் எங்க அப்பா பாண்டிச்சேரியிலேருந்து ஆளக் கூட்டியாந்து வெள்ளையும் வெளிர் நீலமுமா அடிக்கச் சொன்னாரு."

"அப்ப சங்கிலியைக் கழட்டினாங்களா?"

"அந்தக் காலத்துல கழட்ட முடியாது. பின்னால முடுக்கி வச்சிருந்திச்சி. கொக்கி போட்டது எல்லாம் அப்புறந்தான். தூக்கிப் பிடிச்சிக்கினு அடிச்சாங்க. நான்தான் பாத்துக்கினு நின்னேனே."

"தேவசகாயம் அப்ப இங்க இருந்தாரா?"

"அவன் எங்க இருந்தான்? விழுப்புரத்துக்காரன். கல்யாணம் கட்டிக்கினு வந்தவன். சுதந்திரம் எல்லாம் வந்து ரொம்ப வருஷம் கழிச்சி." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "எதுக்குக் கேக்கறீங்க?"

டாக்டர் பூதக்கண்ணாடியையும் காசையும் அவர் கையில் கொடுத்தார். வளையத்தடியில் பார்க்கச் சொன்னார். சவரிராயன் வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார். பிறகு ஏணிக்கு வந்து, அங்கி மடிப்பில் பெயர்ந்த இடத்தைப் பார்த்தார். மறுபடியும் வாசலுக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சாமியாரும் டாக்டரும் நின்றார்கள்.

"அதே காசுதான்" என்றார் சவரிராயன், திரும்பாமல். "யாரும் மாத்தல."

"ஆமாங்க."

"அப்ப நீங்க அன்னைக்குப் போலின்னு சொன்னது தப்பு."

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்று டாக்டர் பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டார். சொல்ல வரவில்லை.

"தப்பு இல்லைங்க. அது வெனிஸ்ல அடிச்சது இல்ல. நம்ம பக்கத்துத் தட்டான் யாரோ அடிச்சது. ஆனா மாதாவுக்கு உங்க கொள்ளுத் தாத்தா போட்டது இதைத்தான்."

சவரிராயன் திரும்பினார். கோபம் இல்லை. அடிபட்ட முகம்.

"எங்க கொள்ளுத் தாத்தா மாதாவையே ஏமாத்தினாருன்றீங்களா?"

"இல்லைங்க. தங்கம் சுத்தமான தங்கம். அந்தக் காலத்துல இந்த மாதிரி நெறையச் செஞ்சிருக்காங்க. சுரூபம் இருக்கற காசுன்னு கழுத்துல போட்டுக்க ஜனங்க கேட்டாங்க, கப்பல்ல வர்றது பத்தல, இங்கியே அடிச்சாங்க. அவரு தெரிஞ்சி வாங்கினாரா, தெரியாம வாங்கினாரான்னு காசு சொல்லாது. போடணும்னு நெனைச்சாரு, நல்ல தங்கத்தைப் போட்டாரு. அது மட்டும் தெரியுது."

"ஊரெல்லாம் திருட்டுன்னு சொன்னது நான்தான்" என்றார் சவரிராயன். "தேவசகாயம் பேர நான் சொல்லல. ஆனா யாருன்னு கேட்டப்ப பேசாம இருந்தேன்." பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "திருட்டுப் போயிருந்தா நல்லா இருக்கும்னு கூட எனக்கு இருந்திச்சி டாக்டரே. அசல் எங்கியோ இருக்குதுன்னாவது இருக்கும்."

சாமியார் அடுத்த ஞாயிறு பூசையில் தானே அறிவிப்பதாகச் சொன்னார். சவரிராயன் வேண்டாம் என்றார். "வாயத் தொறந்தவன் நான். நான்தான் மூடணும்."

அந்த ஞாயிறு நடந்ததை சூசை மேரி வந்து சொல்லித்தான் டாக்டருக்குத் தெரியும். பூசை முடிந்ததும் சவரிராயன் முன்னால் போய் நின்றாராம். காசு மாறவில்லை, மாதா கழுத்தில் இருப்பது தன் கொள்ளுத் தாத்தா போட்ட அதே காசுதான், தேவசகாயம் மேல் ஒரு குற்றமும் இல்லை, தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றாராம். தேவசகாயம் உட்கார்ந்திருந்த இடத்துக்கே நடந்துபோய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாராம்.

"அது வெனிஸ் காசா இல்லியான்னு சொன்னாரா?" என்று கேட்டார் டாக்டர்.

சூசை மேரி யோசித்தாள். "அதப் பத்திப் பேச்சே எடுக்கலைங்க."

டாக்டர் தலையாட்டினார். அந்த மனுஷனால் அவ்வளவுதான் முடிந்திருக்கிறது. ஆனால் அந்த மௌனத்தின் மீதியையும் ஊர் தானே சொல்லிக்கொண்டது. காசு மாறவில்லை என்றால், போலி என்று சொன்ன டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். திருவிழா முடிந்த வாரம், அந்த ஊர்க்காரர் ஒருவர் பல் பிடுங்க வந்தார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, கோணிய வாயோடு அவர் டாக்டருக்கு ஆறுதல் சொன்னார்.

"எங்க மாதா காசையே போலின்னுட்டீங்களே டாக்டரே. பரவால்ல, எல்லாருக்கும் தப்பு வரும். காசு வேற, பல்லு வேற."

இழுப்பறைக்குள் அந்த வெள்ளை அச்சு இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். இவர் போய் ஊரில் சொல்லுவார். ஊர் சவரிராயனைக் கேட்கும். அதற்குப் பிறகு என்னென்ன கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் இழுப்பறையைத் திறக்காமல் இடுக்கியை எடுத்தார். பாண்டிச்சேரி வக்கீலிடம் கூட அந்தக் கதையின் இரண்டாம் பாதியை அவர் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் தேவசகாயமே வந்தார். டாக்டர் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, கையில் துணிப் பை. நோயாளிகள் எல்லோரும் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"விழுப்புரம் போய்க்கினு இருக்கேங்க. மக வூட்டோட. சூசை மேரி நேத்தே சாமானோட போயிடுச்சி. உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே."

"குடுத்தாங்க. வாங்கினேன். திருவிழா பூரா நான்தான் பாத்தேன், ஒரு குறையும் வெக்கல. ஆனா கதவைத் தொறக்கறப்பல்லாம், யாராவது பாக்கறாங்களான்னு திரும்பிப் பாக்கறேன். சங்கிலியைக் கையில எடுத்தா, பக்கத்துல ஒரு ஆளைக் கூப்பிட்டு நிக்க வெச்சிக்கறேன். யாரும் அப்படிச் சொல்லல, நானாத்தான். அப்படி இருந்துக்கினு ஜெபம் சொல்ல வர்லைங்க. சாமியாரு கிட்ட சொல்லிட்டேன். அவுரு புரிஞ்சிக்கினாரு."

டாக்டர் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் தேவசகாயம். "அந்தக் காசு மெய்யாலுமே போலிதானா?"

டாக்டர் இழுப்பறையைத் திறந்து அச்சை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொன்னார். எழுத்து எப்படிக் குச்சியானது, எடை எவ்வளவு நெருங்கி வந்தது, அச்சு எவ்வளவு பொறுமையாக வெட்டப்பட்டிருந்தது. தேவசகாயம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கும் தோணியிருக்கு. தொடைக்கறப்ப பாப்பேன். அந்தத் துறவி மூஞ்சி, எங்க மாமனார் மூஞ்சி மாதிரி இருக்கும். வெள்ளைக்கார தேசத்துல நம்ம ஜாடை எப்படி வந்திச்சின்னு நெனைச்சிக்குவேன்." லேசாகச் சிரித்தார். "சவரிராயன் அய்யா இப்ப தினம் காலையில கோயிலுக்கு வர்றாரு. போன வாரம் வந்து பக்கத்துல உக்காந்தாரு. அப்புறம், தேவசகாயம், அதைச் செஞ்சவன் எந்த ஊருக்காரனா இருப்பான்னாரு. பாண்டியா இருக்கும், கடலூரா இருக்கும்னேன். கிறிஸ்தவனா இருப்பானான்னாரு. தெரியலைங்க, எவனா இருந்தாலும் ஆண்டவர் மூஞ்சியைத் தப்பில்லாமச் செதுக்கணும்னு பாடுபட்டிருக்கான்னேன். எழுத்துத் தெரியாம எழுத்தை வெட்டறது பேஜாருதான் இல்லன்னாரு. அப்படியே அவனைப் பத்தியே பேசிக்கினு இருந்தோம், மத்தியானம் மணி அடிக்கிற வரைக்கும். வேற எதுவும் பேசல."

விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. டாக்டர் கிளினிக்கைச் சாத்திவிட்டு அவரோடு படி இறங்கி வந்தார். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அதிகம். ஜன்னல் ஓரமாக ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். தேவசகாயம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்ததும், வர்றேங்க என்று தலையை அசைத்தார். பஸ் வளைவில் திரும்பும் வரை டாக்டர் அங்கேயே நின்றார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம், யாராவது வந்தால் சாயங்காலம் வரச் சொல்லும்படி சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்தார்.